கிட்டா, வெரோபோர்டா? பெடல் ஊமையான பிறகு சொல்லுங்கள்

கிட்டாரின் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் குட்டிப் பெட்டி, அதாவது கிட்டார் பெடல், இதுவரை நான்கு கட்டியிருக்கிறேன். இரண்டு கிட்டில், இரண்டு வெரோபோர்டில் (துளைகளும் வரிசையாகச் செம்புத் தடங்களும் உள்ள பொதுப் போர்டு; வேண்டாத இடத்தில் தடத்தை வெட்டி நாமே சர்க்யூட் அமைக்க வேண்டும்). ஐந்தாவதற்கு யோசிக்காமல் கிட்டுக்கே போய்விட்டேன்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிட்டில் எல்லாப் பாகமும் ஒரே பையில் வரும், பெரும்பாலும் பெட்டியில் துளைகூடப் போட்டிருக்கும். செலவு கொஞ்சம் கூடுதல். வெரோபோர்டு மலிவு, கையில் கிடக்கும் மிச்சப் பாகங்களும் அதில் செலவாகும். சத்தமா? சர்க்யூட்டும் பாகங்களின் மதிப்பும் ஒன்று என்றால், என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேறுபாடு தெரிவது, மாலை முழுக்க சால்டர் வைத்து முடித்து, ஃபுட்ஸ்விட்சை மிதித்ததும் எல்இடி எரிந்து, கிட்டார் மட்டும் பேசாமல் இருக்கும்போது.

என் டியூப் ஸ்க்ரீமர் (சத்தத்தை லேசாக முரடாக்கும் பெடல்) வகை கிட் அப்படித்தான் ஊமையானது. எல்இடி எரிந்தால் கரண்ட் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். மல்டிமீட்டரை எடுத்தேன். ஐசி சிப்பின் 8ஆம் காலில் 9 வோல்ட், 4ஆம் கால் கிரவுண்ட், இரண்டும் சரி. இந்த சர்க்யூட்டில் இரண்டு 10கே (10,000 ஓம்) ரெசிஸ்டர்கள் 9 வோல்ட்டைப் பாதியாகப் பிரித்து 4.5 தர வேண்டும். அவை சேரும் இடத்தில் மீட்டர் காட்டியது 0.8. கிரவுண்ட் பக்கம் 10கேக்குப் பதில் 1கே போட்டிருந்தால் கணக்கு அப்படித்தான் வரும். 10கேயின் பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சுப் பட்டைகளுக்கும் 1கேயின் பழுப்பு-கறுப்பு-சிவப்புக்கும் மஞ்சள் விளக்கில் என்ன பெரிய வித்தியாசம்! போர்டிலேயே ரெசிஸ்டர் எண் அச்சிட்டிருந்ததால் படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

வெரோபோர்டில் கட்டிய பிக் மஃப் (முரட்டு உறுமல் தரும் பெடல்) மூன்று மாலைகளைத் தின்றது. நான்கு டிரான்சிஸ்டர் சர்க்யூட் அது. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை ஆம்ப்புக்குப் போகும் வயரில் சேர்த்து, அதன் முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் கேட்டேன். இரண்டாவது டிரான்சிஸ்டர் வரை சத்தம் வந்தது, மூன்றாவதில் செத்தது. அதற்கப்புறம்தான் வேதனை. பாகத்தை மாற்றிப் போட்டேனா? ஜம்பர் (தடங்களை இணைக்கும் துண்டு வயர்) ஒரு துளை தள்ளிப் போயிற்றா? அல்லது நான் பார்த்துக் கட்டிய லேஅவுட் படமே தப்பா? கிட்டில் அந்தக் கடைசிச் சந்தேகம் அநேகமாக வராது; பலர் கட்டிப் பார்த்த போர்டு, தப்பு நம் கையில்தான் இருக்கும். இங்கே குற்றவாளி, தடத்தை வெட்டிய இடத்தில் மயிரிழை அளவு செம்புத் துணுக்கு. பக்கத்துத் தடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர்தான் இடைவெளி, தடங்களுக்கு நடுவே அதைவிடக் குறைவு. பிளேடால் ஒரு கீறு கீறியதும் பெடல் உறுமியது.

வெரோபோர்டுக்கும் இடம் உண்டு. 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலின் மூல சர்க்யூட்டில் இரண்டு டிரான்சிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், நான்கு ரெசிஸ்டர், இரண்டு பாட் (திருகும் குமிழ்), அவ்வளவுதான். என் இன்னொரு வெரோபோர்டு பெடல் அதுதான். முதல் மிதியிலேயே பாடியது. இவ்வளவு சின்னதுக்குக் கிட் வாங்குவது எனக்கு வீண் செலவாகப் படுகிறது. சர்க்யூட் மனதில் பதிவதும் தடம் தடமாக வெட்டும்போதுதான். எதிரொலி தரும் டிலே, ஒலியைத் தடிப்பாக்கும் கோரஸ் வகைப் பெடல்களை நான் கட்டியதில்லை, அதனால் அவற்றுக்கு எது சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஃபுட்ஸ்விட்சின் ஒன்பது கால்களுக்கு வயர் இழுக்கும் தலைவலி இரண்டு வழியிலும் பொது. சில கிட்டுகளில் அதற்கும் ஒரு குட்டி போர்டு தருகிறார்கள், அது இருந்தால் விடாதீர்கள்.

போன மாதம் ஸ்க்ரீமர், பிக் மஃப் இரண்டிலும் ஜாக் (கிட்டார் வயரைச் செருகும் இடம்) கரகரத்தது. ஸ்க்ரீமரைத் திறந்து, விட்டுப்போன வயரைப் பற்றவைத்து அன்றே மூடிவிட்டேன். பிக் மஃப் இன்னும் கரகரத்துக்கொண்டே இருக்கிறது. திறந்தால் வேறெதாவது விட்டுப்போகுமோ என்ற பயம்.