கடையில் வெட்டிய கோழியா, பேக்கில் வரும் கோழியா?

தெருமுனைக் கறிக்கடையை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் இப்போது சில்டு பேக் கோழிதான், அதாவது உறையவிடாமல் குளிரில் வைத்து விற்கும் பேக் கோழிதான் வாங்குகிறோம். விலை பார்த்தால் கடைதான் மலிவு. நாட்டுக்கோழி வேண்டுமென்றாலும் கடைக்குத்தான் போகவேண்டும். அதில் பேச்சே இல்லை.

கிருமி ஒட்டுவதில் இரண்டுக்கும் நான் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளான சால்மோனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் நல்ல ஆரோக்கியமான கோழியின் குடலிலேயே இருப்பவை. கடையில் குடல் எடுத்த அதே கட்டையில் கறியும் வெட்டுப்படும். பேக் கோழி தயாராகும் ஆலையில் இறகு பிடுங்கும் ரப்பர் விரல்கள் ஒரு கோழியின் கிருமியை அடுத்ததில் ஏற்றிவிடும். குளிர்விக்கும் தொட்டித் தண்ணீரும் பல கோழிகளுக்குப் பொது.

நான் பார்ப்பது அதற்குப் பிந்தைய நேரத்தை. வெட்டியதிலிருந்து அடுப்பில் ஏறும்வரை கறி எந்தச் சூட்டில் கிடக்கிறது? 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். 37 டிகிரியில் சால்மோனெல்லா அரை மணிக்குள் இரட்டிப்பாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் உரித்துத் தொங்கவிட்ட கோழியைப் பத்து மணிக்கு வாங்கி, மசாலா தடவி, ஒரு மணிக்குச் சமைத்தால் எத்தனை மடங்கு பெருகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 டிகிரிக்குள் இருக்கும் பேக்கில் அந்தப் பெருக்கம் நின்றுவிடுகிறது. நான் மாறியதற்கு இது ஒன்றே காரணம்.

ஆனால் அந்தக் குளிர் வழியில் எங்கும் விட்டுப்போகக் கூடாது. தொட்டால் சில்லென்று இல்லாத பேக்கையும், உப்பியிருப்பதையும் நான் எடுப்பதில்லை. பேக் செய்த தேதி பார்ப்பேன். மற்ற சாமான் எல்லாம் வாங்கி முடித்துக் கடைசியாகத்தான் கறியை எடுப்பேன். கோடை மதியத்தில் ஆப்பில் வரவழைப்பதில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

ஃப்ரோசன் கோழியில் என் பழக்கம் குறைவு. மைனஸ் 18 டிகிரியில் கிருமி பெருகாது, ஆனால் எல்லாம் சாவதும் இல்லை. அதனால் உறைந்த கறியை இளகவிடுவதை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே செய்ய வேண்டும்.

கண்ணெதிரே வெட்டி வாங்கி, ஒரு மணி நேரத்துக்குள் குழம்பில் போடுவதாக இருந்தால் கடைக்கோழியே போதும், தாராளமாக வாங்கலாம். ஊறவைக்கும் பிரியாணிக்கும், வேலை முடிந்து ராத்திரி சமைப்பவர்களுக்கும் பேக்கைத்தான் சொல்வேன். ஊறவைப்பதும் ஃப்ரிட்ஜில்தான்.

எதை வாங்கினாலும் குழாயடியில் அலசுவதை விட்டுவிடுங்கள். தெறிக்கும் தண்ணீர் கிருமியைச் சிங்க் முழுக்கப் பரப்பும். மஞ்சள்தூள் அதைத் தடுக்காது. கறியின் உட்பகுதி 74 டிகிரி ஏறினால் கிருமி செத்துவிடும். கேம்பிலோபாக்டர் சில நூறு உள்ளே போனாலே வயிற்றைப் பிடிக்கும் என்பதால், வேகாமல் சாப்பிடும் வெங்காயப் பச்சடிக்குக் கறி வெட்டிய பலகையையும் கத்தியையும் தொடவே கூடாது.