கடுகுத் தலையணை முதல் மொட்டை வரை: 14 மாத அனுபவம்

மகளின் சப்பைத் தலையோடு நாங்கள் பட்ட பாட்டை, சென்னை எம்.சி. ரோட்டில் 280 ரூபாய்க்கு வாங்கிய கடுகுத் தலையணையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் குழந்தையின் தலை பற்றிய பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். "கடுகு தலகாணி வெச்சா மண்ட உருண்டையா வரும்மா" என்று குளிப்பாட்ட வந்த ஆயா சொன்னார். மறுநாளே அத்தை, அதாவது என் மாமியார், வாங்கி வந்துவிட்டார். பிறந்த பன்னிரண்டாம் நாளிலிருந்து மகள் அதில்தான் படுத்தாள்.

இரண்டு மாதம் பயன்படுத்தினோம். தலை குழியில் பதிந்து அழகாக உட்கார்ந்தது. அந்தக் குழிதான் வினை என்று அப்போது தெரியவில்லை. கடுகு நகர்ந்து கொடுக்கும், தலை அழுந்துகிற இடத்திலேயே பள்ளம் விழும். குழந்தை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஒரு அச்சு தயாராகிவிடும். மார்ச் கடைசியிலேயே பின்கழுத்து முழுக்க வேர்க்குரு. ஒரு நாள் தையல் பிரிந்து பாயெல்லாம் கடுகு கொட்டிக் கிடந்தது. ஒன்று மூக்குக்குள் போயிருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. வீணாக்கக் கூடாதென்று அத்தை அதைக் கழுவிக் காயவைத்தார். தாளிக்க நான் விடவில்லை.

அதே வாரத்தில்தான் தலையையும் கவனித்தேன். குளிப்பாட்டியதும் முடி படிந்திருந்த ஈரத் தலையை மேலிருந்து பார்த்தால் வலது பின்மண்டை சப்பையாக இருந்தது. வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது, வலது நெற்றியும் லேசாகப் புடைத்திருந்தது. நேருக்கு நேர் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். "முடி வளர்ந்தா மறைஞ்சிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மறையும்தான். ஆனால் பெரியபாளையத்தம்மனுக்கு மொட்டை வேண்டியிருந்தோமே!

அடுத்து ஆன்லைனில் 649 ரூபாய்க்கு, நடுவில் குழி வைத்த ஃபோம் தலையணை. மூன்று வாரம்தான். ஒரு நள்ளிரவில் எழுந்து பார்த்தால் மகள் கீழே சறுக்கி, மூக்கு தலையணை ஓரத்தில் அழுந்தியபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றே பரணில் போட்டாயிற்று. இந்த வகைத் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம், மூச்சுத் திணறும் ஆபத்து இருக்கிறது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 நவம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. வாங்கிய பிறகு படித்து என்ன பயன்.

14-வது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது வேறொரு குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். அவர் முதலில் மண்டையோட்டு எலும்புகள் சேரும் கோடுகளையும் உச்சிக்குழியையும் விரலால் தடவிப் பார்த்தார், பிறகு காதுகள் இருக்கும் இடத்தை. எலும்புகள் சீக்கிரமே ஒட்டிக்கொண்டால் கோட்டின் மேல் மேடு தட்டும், உச்சிக்குழி சீக்கிரம் மூடலாம், பின்மண்டைக் கோடு ஒட்டியிருந்தால் காது பெரும்பாலும் பின்னால் இழுபடும். அது அறுவை சிகிச்சைக்குப் போகிற விஷயம், இது படுக்கையால் வந்தது என்றார். முதல் மூன்று மாதம் தலைச் சுற்றளவு மாதத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. கூடும், அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அப்புறம் அரை செ.மீ. அழுத்தம் இல்லாத பக்கம் வளரும். அதனால் சப்பையான பக்கத்தை அழுத்தாமல் விட்டாலே போதும், ஆனால் இப்போதே விட வேண்டும்.

"அப்போ குப்புறப் போட்டுத் தூங்க வைக்கலாமா?" என்று அத்தை கேட்டார். கூடவே கூடாது என்றார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் குப்புறப் போடாமல் மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்கவைக்கச் சொன்னது 1992-ல்; அதன்பின் அங்கே தூக்கத்திலேயே குழந்தைகள் இறப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, சப்பைத் தலைகள் கூடின. தலை கொஞ்சம் சப்பையாக இருப்பது பரவாயில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டிய தருணம் அது. அத்தையும் நானும் ஒத்துப்போனவை குறைவு.

பிறகு மருத்துவர் மகளின் முகத்தை இடது தோள் பக்கம் மெதுவாகத் திருப்பினார். பாதிக்கு மேல் திரும்பவில்லை, வீறிட்டாள். இடது கழுத்துத் தசை இறுகியிருந்தது. தலை இடப்பக்கம் சாயும், முகம் வலப்பக்கமே திரும்பும். மூன்று மாதமாக நாங்கள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கோளாறு கழுத்தில்!

எங்கள் அறையும் அதற்கு உதவி செய்திருக்கிறது. ஒரே அறை, ஒரே ஜன்னல். பாயில் மகளுக்கு வலப்பக்கம் ஜன்னல், தெரு, டிவி எல்லாம். இடப்பக்கம் வெறும் சுவர். பாவம், சுவரை எதற்குப் பார்ப்பாள்? தலை வைக்கும் பக்கத்தைக் கால் பக்கமாக மாற்றினோம், ஜன்னல் இடப்பக்கம் வந்துவிட்டது. செலவு பூஜ்யம். இரண்டு வாரத்தில் மீன்காரம்மா குரல் கேட்டால் இடப்பக்கம் திரும்ப முயன்றாள். இந்த 14 மாதத்தில் எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான். பாட்டிலில் கொடுக்கும்போது கைமாற்றிப் பிடிப்பதையும் அப்போதே தொடங்கினோம்.

கழுத்துக்கு ஃபிசியோதெரபி, ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை. மற்ற நாளெல்லாம் டயப்பர் மாற்றும்போது நான் செய்தேன்: முகவாயை இடது தோள் பக்கம் திருப்பி எண்ணுவது, வலது காதை வலது தோளுக்குச் சாய்த்து எண்ணுவது. கையில் பிடித்துக் காட்டியபின்தான் எவ்வளவு விசை வேண்டும் என்று எனக்குப் புரிந்தது, வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். ஆயா எண்ணெய் தடவித் தலையைத் தட்டி உருட்டுவதை நிறுத்தச் சொன்னேன். "எத்தினி கொயந்த பார்த்துகிறேன்" என்று ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

குப்புறப் போடுவது தூக்கத்துக்குத்தான் கூடாது. விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருக்கையில், நாள் முழுக்கச் சேர்த்து 30 நிமிடமாவது தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. எங்கள் முதல் சாதனை 40 நொடி. அதற்குள் தெருவே கேட்கும்படி அழுதாள். அப்புறம் பாயை விட்டுவிட்டு என் மார்மேல், என் கணவர் தொடைமேல், மடித்த துண்டை மார்புக்குக் கீழே கொடுத்து என்று துண்டு துண்டாகச் சேர்த்தோம். பால் குடித்த உடனே போட்டால் கக்குவாள். மே மாதம் அறைக்குள் முடியவே இல்லை, காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில்தான். பக்கத்து வீட்டு நாய் ஒன்று எதிர் மாடியில் வந்து நிற்கும். அதைப் பார்க்கத்தான் முதன்முதலில் தலையை முழுசாகத் தூக்கினாள். ஐந்தாம் மாதம் அரை மணி தாண்டியது.

தூளி விஷயத்தில் நான் தோற்றேன். துணியில் தலை ஒரு பக்கமே அமுங்கும், முகவாய் மார்பில் மடியும் என்று சொல்லிப் பார்த்தேன். மின்வெட்டில் அழும் குழந்தைக்கு முன்னால் என் வாதம் நிற்கவில்லை. கடைசியில், தூங்கியதும் எடுத்துப் பாயில் மல்லாக்கக் கிடத்துவது என்று சமரசம்.

தலையின் வடிவைச் சரிசெய்ய மாட்டும் ஹெல்மெட் பற்றியும் விசாரித்தோம். ஒரு நாளைக்கு 23 மணி நேரம் மாட்ட வேண்டும், சென்னை வெயிலில். சொன்ன விலை என் கணவரின் பல மாதச் சம்பளம். நெதர்லாந்தில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதமும் போடாதவர்களில் 23 சதவீதமும் இரண்டு வயதில் முழுதாகச் சரியாகியிருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கழுத்து இறுக்கம் இருந்தவர்களையும் மிக மோசமான தலைகளையும் அதில் சேர்க்கவில்லை. உங்கள் குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் இதைக் காட்டி மறுக்காதீர்கள். எங்களுக்கு வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டோம்.

ஃபிசியோ கவராயம் போன்ற ஒன்றால் தலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பார். நான்காம் மாதம் வித்தியாசம் 11 மி.மீ. ஏழாம் மாதம் 6. உட்கார ஆரம்பித்தபின் படுக்கும் நேரமே குறைந்து, 14-ஆம் மாதம் 3. காது இன்னும் ஒரு நூலளவு முன்னால்தான் இருக்கிறது.

பதினோராம் மாதம் பெரியபாளையத்தில் மொட்டை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தனம் தடவியதும் அத்தை மேலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுதலில் என் கணவரும் கூடவே மொட்டை அடித்திருந்தார். அவர் திரும்பி நின்றபோது பின்மண்டை பலகை மாதிரி இருந்தது. கல்யாணமாகி நான்கு வருடம், அன்றுதான் பார்க்கிறேன்.

"அவனுக்கும் கடுகு தலகாணிதான் வெச்சேன்" என்றார் அத்தை.