இசைத்தாள் ஸ்டாண்டுக்கு முன்னாலா, வேடத்தோடு மேடையிலா?

வேடமில்லை, காட்சி அமைப்பில்லை. பின்னால் முழு ஆர்க்கெஸ்ட்ரா, முன்னால் வரிசையாக நிற்கும் பாடகர்கள். பாட்டாலேயே நடிக்கும் நாடகமான ஓபராவை இப்படிக் கச்சேரியாக நடத்தினால் 'காசில்லை போல' என்று நினைப்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். ஆனால் வளர்ந்துவரும் பாடகருக்கு எது நல்லது என்று கேட்டால் கணக்கு மாறுகிறது.

முழுதாக மேடையேற்றும்போது ஒத்திகை வாரக்கணக்கில் நீளும். எங்கே நிற்பது, எந்தக் கதவு வழியாக வருவது என்பதிலேயே பெரும்பொழுது கரைந்துவிடும். கச்சேரிக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். ஆனால் அத்தனையும் இசைக்கே. தப்பான இடத்தில் மூச்சு எடுத்தால் கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும்.

பெரிய சவால் வேறு. ஓபரா அரங்கில் ஆர்க்கெஸ்ட்ரா மேடைக்கு முன்னால் பள்ளத்தில் இருப்பதால் ஓசை கொஞ்சம் அடங்கி வரும். கச்சேரியிலோ அது முதுகுக்குப் பின்னால் முழங்கும். டிராம்போன் என்னும் பெரிய பித்தளைக் குழல்கள் சேர்ந்துகொண்டால் தன் குரலே தனக்குக் கேட்காது. உடனே பழக்கமில்லாதவர் கத்த ஆரம்பிப்பார். குரல் கெடுவது அங்கேதான். கையசைத்து ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவரும் பல நேரம் பக்கவாட்டிலோ பின்னாலோ இருப்பார். தாளத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பாடத்தை மேடை இவ்வளவு சீக்கிரம் கற்றுத் தராது.

கனமான வேடங்களுக்கு இது நல்ல வெள்ளோட்டமும்கூட. டெனர் (உச்ச ஆண்குரல்) பாடகர் யோனாஸ் காஃப்மன், வாக்னரின் ஓபராவில் வரும் டிரிஸ்டான் வேடத்தை 2018இல் பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு இரண்டாம் அங்கம் மட்டும் கச்சேரியாகப் பாடினார். முழு வேடத்தோடு மியூனிக் மேடையில் ஏறியது 2021இல். மூன்று வருட இடைவெளி!

அப்புறம், 1965இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாடகி மர்லின் ஹார்ன் பாட முடியாமல் போக, அவருக்குப் பதிலாக டோனிசெட்டியின் 'லுக்ரேசியா போர்ஜியா'வைக் கச்சேரியாகப் பாடிய மொன்செராட் கபாயே ஒரே இரவில் உலகப் புகழ் பெற்றார். ஆனால் அதற்கு முன்பே பாசெல், பிரெமென் அரங்குகளில் வருடக்கணக்கில் வேடம் கட்டியவர் அவர். கச்சேரி மட்டுமே அவரை வளர்த்தது என்று எழுதினால் அது பொய்.

எனக்கு ஒரே குறை, அந்த ஸ்டாண்ட். ஸ்கோரை, அதாவது இசைத்தாளை, பார்க்கக் கண் தாழும், கூடவே தாடையும் தாழும், குரல் காகிதத்தில் போய் விழும். பக்கம் புரட்டும் நொடியில் கதாபாத்திரம் காணாமல் போய்விடும். மனப்பாடமாகப் பாடச் சொல்லுங்கள். அதே கச்சேரி இரண்டு மடங்கு கற்றுத் தரும்.

சரி, மேடை மட்டுமே தருவது எது? ஓடி வந்து மண்டியிட்டு, மூச்சு வாங்கும்போதே நீண்ட வரியைத் தொடங்கும் தெம்பு. மூன்று மணி நேரத்துக்கு உடம்பைப் பங்கிட்டுச் செலவழிக்கும் புத்தி. நகைச்சுவை என்றால் யோசிக்கவே வேண்டாம், மேடைதான். மொசார்ட்டின் 'ஃபிகாரோ' ஓபராவில் கெருபினோ என்னும் பணியாள் சிறுவன் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்புகிறான். கச்சேரியிலோ ஸ்கோரை மூடிவிட்டு நாற்காலியில் போய் உட்காருகிறான்.