பிரஷ்ய அதிகாரிக்குக் காட்பாடியில் கட்டிய அட்டை

காட்பாடி சாலையில், கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை நம்பி நடக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையில், பழைய ஜெர்மன் நூல் ஒன்றை அச்சிட்டுத் தையல் பைண்டிங் செய்து வாங்கினேன். பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் அரசில் நிர்வாகியாக இருந்த பிரெங்கென்ஹோஃப் என்பவரைப் பற்றி 1782-இல் லைப்சிக் நகரில் வெளிவந்த வாழ்க்கை வரலாறு அது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்றாலும், வருவாய்த் துறையில் காகிதக் கட்டுகளோடு காலம் கழித்த எனக்குத் திரையில் படிப்பது ஒத்துவருவதில்லை.

முதல் அச்சு வீணாயிற்று. அக்காலத்து ஜெர்மன் எழுத்தில் நீண்ட 'எஸ்' எழுத்துக்கும் 'எஃப்' எழுத்துக்கும் உள்ள வேறுபாடு குறுக்கே ஓடும் மயிரிழைக் கோடு ஒன்றுதான். மை மிச்சப்படுத்தும் டிராஃப்ட் முறையில் அச்சிட்டதால் அந்தக் கோடு எங்குமே விழவில்லை. "பழைய புக்கு சார், அப்படித்தான் வரும்" என்றார் கடைக்காரர். லென்ஸை வைத்து இரண்டு எழுத்துகளையும் காட்டியதும், மறுபேச்சின்றிக் கிரேஸ்கேலில் முழுவதையும் மீண்டும் அச்சிட்டுக் கொடுத்தார். கூடுதலாக ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

அந்த உழைப்புக்குத் தகுதியான வாழ்க்கைதான் அது. 1723-இல் ஹாலே நகருக்கு அருகில் பிறந்த பிரெங்கென்ஹோஃப், அன்ஹால்ட்-டெஸ்ஸாவ் இளவரசரிடம் பணியாளாக இருந்து உயர்ந்தவர். 1762-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் அவரைத் தம் பணியில் சேர்த்து, ஏழாண்டுப் போரில் சீரழிந்த பொமரேனியா, நோய்மார்க் பகுதிகளை மீட்டெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார். வார்த்தே, நெட்ஸே ஆறுகளின் சதுப்பு நிலங்களைக் கரை கட்டி வடித்துக் குடியேற்றங்களை அமைத்ததே அவருடைய பெரும்பணி. அவ்வாறு எழுந்த ஊர்களுக்கு ஜமைக்கா, சுமத்ரா, ஏன், சிலோன் என்றுகூடப் பெயரிட்டிருக்கிறார்கள். மணலே மிஞ்சிய பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, நீரை வெளியேற்றுவதற்காக ஓர் அதிகாரி ஆண்டுக்கணக்கில் போராடியது விசித்திரமாகவே இருக்கிறது. போலந்தின் ஒரு பகுதியை அண்டை அரசுகள் பங்கிட்டுக்கொண்ட முதல் பிரிவினைக்குப் பின், 1773-இலும் 1774-இலும் புரோம்பெர்க் கால்வாயை வெட்டுவித்து, விஸ்துலா ஆற்றுப் போக்குவரத்தை ஓடர் ஆற்றோடு இணைத்ததும் அவர்தான். வேலையாட்கள் பலர் நோயில் மாண்டார்கள்.

1780-இல் அவர் இறந்த பிறகு கணக்கில் குறைகள் வெளிப்பட, மன்னர் அவருடைய சொத்துகளைக் கைப்பற்றினார். இரண்டே ஆண்டில், விவகாரத்தின் சூடு ஆறுவதற்குள், இந்த நூல் வந்துவிட்டது. கணக்குத் தணிக்கையாளர்கள் எழுப்பும் தடைகளுக்குப் பதில் எழுதியே ஓய்வு பெற்றவன் என்பதால், அந்தப் பகுதியை மட்டும் இருமுறை படித்தேன்.

படிக்க விடாமல் தொல்லை செய்வது பைண்டிங்தான். தையல் உறுதியாக இருக்கிறது, காலிகோ துணியும் தரமானது. ஆனால் உள் ஓரத்தில் போதிய இடம் விடாமல் தைத்ததால், ஒவ்வொரு வரியிலும் ஓரிரு எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடுகின்றன. இரு கைகளாலும் விரித்துப் பிடித்தால்தான் தெரிகிறது. கையை எடுத்தால் புத்தகம் மூடிக்கொள்கிறது. அந்தக் கடையில் கொடுப்பவர்கள் உள் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டராவது விடச் சொல்லி, நான்கு பக்கம் மாதிரி அச்செடுத்துப் பார்த்தபின் மீதியை ஒப்படைக்கலாம். அட்டையின் முதுகில் பொன்னெழுத்தில் பெயர் பொறிப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பிரெங்கென்ஹோஃப் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். திருத்தச் சொல்லி அடுத்த வாரம் மீண்டும் கொண்டுபோகிறேன்.