8055 என்ற எண்ணும் இராயக்கோட்டை சாலை ஸ்டிக்கர் கடையும்

கிருஷ்ணகிரி இராயக்கோட்டை சாலையில், டயர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவே ஒரே ஷட்டர் அகலத்தில் இயங்கும் அந்த ஸ்டிக்கர் கடையின் பலகையில், நம்பர் பிளேட், ரேடியம் கட்டிங், கார் டிசைனிங் என்று மூன்று வேலைகள் எழுதப்பட்டிருக்கின்றன. இவற்றுள் முதல் வேலைக்காக வருகிறவர்கள் கேட்பதில் பாதியை, செய்ய மாட்டேன் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுகிறார். கையில் வரும் காசை விட்டுவிட்டு அவர் காட்டும் இந்தப் பிடிவாதத்துக்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன். மற்ற வேலைகளில் பாராட்ட வேண்டியதும் உண்டு, குறை சொல்ல வேண்டியதும் உண்டு.

கடைக்கு இரண்டு வண்டிகளைக் கொண்டுசென்றிருந்தோம். ஒன்று, எங்கள் வீட்டு 2014 மாடல் ஸ்விஃப்ட். லாரி ஒன்று உரசியதில் அதன் பின்பக்கத் தகடு விரிசல் விட்டு, கடைசி எண்ணான 9 பாதி உதிர்ந்துபோயிருந்தது. மற்றொன்று, என் மைத்துனரின் 2021 மாடல் ஸ்கார்ப்பியோ. அந்த வண்டியில் எந்தப் பழுதும் இல்லை. அதன் எண் 8055 என்பதுதான் விஷயம். 8-ஐயும் 0-வையும் சற்று வளைத்து, இரண்டு 5-களையும் ஆங்கில எழுத்துபோல நெளித்து எழுதினால், அந்த நான்கு எண்களும் ஆங்கிலத்தில் ‘பாஸ்’, அதாவது முதலாளி, என்று படிக்கும்படி ஆகிவிடும். இந்தியா முழுவதும் இந்த எண்ணுக்கு இருக்கும் கிராக்கிக்குக் காரணம் இதுதான். நம் ஊரில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது: எட்டும் ஐந்தும் ஐந்தும் கூட்டினால் பதினெட்டு, அதைக் கூட்டினால் ஒன்பது. கூட்டுத்தொகை எட்டு வந்துவிட்டால் புது வண்டியையே வேண்டாம் என்று சொல்கிற மாமனார்கள் நிறைந்த ஊரில், முதலாளியாகவும் இருந்து ஒன்பதாகவும் இருக்கும் எண்ணை யார் விடுவார்கள்?

மைத்துனர் கேட்டது, இருக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு ‘பாஸ்’ என்று தெரியும்படி புதிய தகடு ஒன்றை அடித்துத் தர வேண்டும் என்பது. கடைக்காரர் வண்டியின் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, “இதைக் கழட்ட மாட்டேங்க. கேமராவுக்கு பாஸெல்லாம் தெரியாது, எட்டு பூஜ்யம் அஞ்சு அஞ்சுதான் தெரியும்” என்றார். மைத்துனர் என் பக்கம் திரும்பி, “மாமா, தருமபுரியில கேட்ட உடனே செஞ்சு தர்றான்” என்று முணுமுணுத்தது உண்மை. செய்து தருகிறார்கள் என்பதும் உண்மை. ஒரு மணி நேரத்தில், விலையும் குறைவாக, எந்த எழுத்துரு கேட்டாலும் வெட்டித் தரும் கடை ஒன்றை அங்கே நானே பார்த்திருக்கிறேன். நீல நிறத்தில் அசோகச் சக்கரத்தையும் நாட்டின் பெயர்ச்சுருக்கத்தையும் சாதாரண ஸ்டிக்கராக ஒட்டி, உயர் பாதுகாப்புத் தகடு என்று சொல்லிக் கொடுப்பதும் அங்கே நடக்கிறது. அதை வாங்கிக்கொண்டு போகிறவருக்குத்தான் பிறகு அபராதச் சீட்டு வருகிறது, வெட்டிக் கொடுத்தவருக்கு அல்ல.

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு, விற்பனை செய்யும் நிறுவனமே உயர் பாதுகாப்புப் பதிவுத் தகட்டைப் பொருத்தித் தர வேண்டும். ஸ்கார்ப்பியோவின் தகட்டைக் கடைக்காரர் தொட்டுக் காட்டியபோதுதான் அதில் இத்தனை சங்கதிகள் இருப்பதைக் கவனித்தேன். இடப்பக்க மேல்மூலையில் 20 மில்லிமீட்டர் அளவுள்ள நீலச் சக்கர ஹாலோகிராம் இருக்கிறது. கீழ்மூலையில் லேசரால் பொறித்த பத்து இலக்க நிரந்தர அடையாள எண் இருக்கிறது. எழுத்துகளின் மேல் ஒட்டப்பட்ட கறுப்புப் படலத்தில் நாட்டின் பெயர் 45 பாகைச் சாய்வில் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. வெயிலில் தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் அந்தச் சாய்வெழுத்து கண்ணில் படும். தகட்டைப் பிடித்திருக்கும் பூட்டு, ஒருமுறை உடைத்தால் மறுபடி பயன்படாத வகை. ஆகவே அதைக் கழற்றியதற்கான அடையாளம் வண்டியிலேயே நின்றுவிடும். அதன் மேல் கண்ணாடி அக்ரிலிக் மூடி போட்டுத் தரும்படி கேட்டபோதும், வெளிச்சத்தில் பளபளத்து எண்ணை மறைக்கும் என்று சொல்லி அதையும் மறுத்துவிட்டார்.

இந்த மறுப்புக்குப் பின்னால் இருப்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். 50-ஆவது விதி, பதிவெண்ணை ஆங்கில எழுத்திலும் சர்வதேச எண்ணுருவிலும்தான் எழுத வேண்டும் என்கிறது. தமிழில் ‘த.நா.’ என்று எழுதித் தரக் கேட்டு வருகிறவர்களையும் கடைக்காரர் இதே விதியைச் சொல்லித்தான் அனுப்புகிறார். தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் அந்த வழக்கை ஸ்டிக்கர் கடையில் நடத்த முடியாது. 51-ஆவது விதி அளவுகளைச் சொல்கிறது: காருக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவுப்படி முதல் முறை 500 ரூபாய் வரை, மறுமுறை 1,500 ரூபாய் வரை அபராதம். தொகை பெரிதல்ல என்று சொல்பவர்கள், சுங்கச்சாவடியிலும் நகரச் சந்திப்புகளிலும் கேமராக்கள் பெருகியிருக்கும் இந்தக் காலத்தில், நெளித்து எழுதிய எண்ணை வேறு எண்ணாகப் படித்து யாரோ ஒருவர் பெயருக்கு அபராதம் போகக்கூடும் என்பதையும் யோசிக்க வேண்டும். எழுத்தையும் எண்ணையும் காசு கொடுத்துத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கும் அமெரிக்காவிலேயே இப்படி ஒரு கூத்து நடந்திருக்கிறது. 1979-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒருவர் தமக்கு விருப்பமான சொற்கள் கிடைக்காவிட்டால் ‘தகடு வேண்டாம்’ என்று பொருள்படும்படி விண்ணப்பத்தில் ‘நோ பிளேட்’ என்று எழுத, அதையே பதிவெண்ணாகத் தந்துவிட்டார்கள். அதன் பிறகு அந்த மாநிலத்தில் தகடில்லாமல் நின்ற வண்டிகளுக்கெல்லாம் எழுதிய அபராதச் சீட்டுகள் அவர் வீட்டுக்கு வந்து குவிந்தன. சுமார் 2,500 சீட்டுகள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு காரின் தகட்டில் ஏழு எழுத்துகள் வரை சொந்தமாகக் கோக்கலாம். நமக்கோ மாநிலம், மாவட்டம், வரிசை எழுத்து எல்லாம் அரசு தருவதுதான். கிருஷ்ணகிரி என்றால் 24, தருமபுரி என்றால் 29, ஓசூர் என்றால் 70. மீதமிருக்கும் நான்கு இலக்கங்களுக்குள்தான் நம் சாமர்த்தியம் அனைத்தையும் காட்டியாக வேண்டும். விருப்ப எண் வேண்டுமென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதற்குரிய கட்டணம் செலுத்தி வாங்குவதே வழி. அப்படி வாங்கிய வண்டிகள் இந்தக் கடை வாசலில் வந்து நிற்பதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. மாங்காய் மண்டிக்காரர் ஒருவரின் பொலேரோவில் 2424. அதாவது மாவட்ட எண்ணே இரண்டு முறை. ஒரு இன்னோவாவில் 786. ஒரு ஹரியானா லாரியில் 4141. நாகரி எழுத்தில் ‘ப’ நமது 4 போலவும் துணைக்கால் 1 போலவும் இருப்பதால், அதை ‘பாபா’ என்று, அதாவது அப்பா என்று வடக்கே படிக்கிறார்கள். அதே முறையில் 214 அவர்களுக்கு ‘ராம்’ ஆகிவிடும். இன்னொரு காரில் 108 இருந்தது. பக்திக்காக வாங்கியிருப்பார், ஆனால் ஊரில் அந்த வண்டியை ஆம்புலன்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு பழைய மாருதி 800. அதன் எண்ணும் 800. தகட்டில் ஒரு கோடுகூட நெளியவில்லை, எழுத்து விதிப்படி நேராக நிற்கிறது, இருந்தும் பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது. 2014-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்த மாடலின் உற்பத்தியே நின்றுவிட்டதால், இனி அப்படி ஒரு பொருத்தம் புது வண்டியில் அமையப் போவதும் இல்லை. அதே 2014-இல் பிரிட்டனில் ‘25 ஓ’ என்ற பதிவெண் ஐந்து லட்சத்து 18 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போனது. 25-க்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தான ‘ஓ’ நின்று 250 என்று தோன்றுவதால், ஃபெராரி 250 காருக்காக அதை வாங்கினார்கள். காசு எத்தனை மடங்கு வேறுபட்டாலும் யுக்தி ஒன்றுதான்: எண்ணும் வண்டியும் ஒன்றையொன்று சுட்டிக்காட்ட வேண்டும். வெறும் 9999-ஐயும் 1-ஐயும் காட்டிலும் இதுதான் எனக்குச் சாமர்த்தியமாகப் படுகிறது. அந்த எண்களில் தெரிவது உரிமையாளரின் பணபலம் மட்டுமே. எண்ணை விற்றுக் காசாக்கும் அந்தப் பிரிட்டனிலும், வேறு சொல்லாகத் தெரியும்படி இடைவெளியை மாற்றி எழுதினால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு என்பதை மைத்துனருக்கு நான் எடுத்துச் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை.

இனி வேலையின் தரத்துக்கு வருகிறேன். ஸ்விஃப்டுக்கான தகட்டை, முதலில் ஆர்சியைக் கேட்டு வாங்கி எண்ணைச் சரிபார்த்த பிறகே கணினியில் அடித்தார்கள். இந்த ஒரு பழக்கத்தை எல்லாக் கடைகளும் கைக்கொண்டால் திருட்டு வண்டிகளுக்குப் பாதி வழி அடைபடும். ரேடியம் தாளை பிளாட்டர் எந்திரம் வெட்டித் தள்ளியதும், கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் கத்தி முனையால் வேண்டாத பகுதிகளைப் பிடுங்குகிறான். 9-இன் வளைவுக்குள் இருக்கும் சிறு பொட்டை எடுக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறான். பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளித்து, எழுத்தை நகர்த்தி நேர்செய்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளுகிறான். ஒட்டி முடிந்ததும் கடைக்காரர் எஃகு ஸ்கேலை வைத்து உயரத்தை நம் முன்னாலேயே அளந்து காட்டுகிறார். முன்னும் பின்னும் சேர்த்து 450 ரூபாய் வாங்கினார்கள். தருமபுரியில் இதைவிடக் குறைவுதான் என்றாலும், அளவும் ஒட்டும் சுத்தமும் பார்த்தால் கொடுக்கலாம்.

மைத்துனரைச் சமாதானப்படுத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். தகட்டில் முடியாததைப் பின் கண்ணாடியில் செய்யலாம் என்று அந்தப் பையன்தான் யோசனை சொன்னான். கண்ணாடியின் கீழ்விளிம்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குள், ‘பாஸ்’ என்பதைத் தமிழிலேயே வெள்ளை எழுத்தில் வெட்டிக் கொடுத்தான். எங்கள் ஸ்விஃப்டின் எண் 2-இல் தொடங்குவதைப் பார்த்து, அந்த 2-இன் வாலை நீட்டினால் பிள்ளையார் சுழி ஆகிவிடும் என்று அவனே வரைந்தும் காட்டினான். அதைத் தகட்டில் போட முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும். கண்ணாடியின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்தில் அது இப்போது இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. கண்ணாடி முழுவதையும் படத்தால் மூட அவர்கள் சம்மதிப்பதில்லை. முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்ற விதியையும், கறுப்புப் படலம் ஒட்டுவதை 2012-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்ததையும் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

குறைகளுக்கு வருவோம். இவ்வளவு விதி பேசும் கடையின் மாதிரிப் பலகையில், முன்னொரு காலத்தில் வெட்டிய நெளிந்த எழுத்துத் தகடுகள் இன்னும் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டு உள்ளே வருகிறவரிடம் முடியாது என்று சொல்வது முறையல்ல, எடுத்துவிட வேண்டும். அரை மணி என்று சொன்ன வேலை இரண்டரை மணி நேரம் ஆனது. உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளே இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் தாள் சுருள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பில் கேட்டால்தான் தருகிறார்கள். முதல் வாட்டர் வாஷுக்குப் பிறகு பின் கண்ணாடி ஸ்டிக்கரில் ‘ஸ்’ மேலுள்ள புள்ளி தனியே பெயர்ந்துவிட்டது. திரும்பப் போய்க் காட்டியபோது காசு வாங்காமல் ஒட்டிக் கொடுத்தார்கள். ஒட்டிய இரண்டு நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது என்பதை அப்போதுதான் சொன்னார்கள். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அதோடு, கண்ணாடி வேலைக்குச் சதுர அடிக் கணக்கு இல்லாமல் வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள், ஆகவே பேரம் பேசியே ஆக வேண்டும்.

உயர் பாதுகாப்புத் தகடு உடைந்தோ தொலைந்தோ போயிருந்தால் இங்கே போய்ப் பயனில்லை. வண்டி வாங்கிய ஷோரூமைத்தான் கேட்க வேண்டும். பழைய தகடுள்ள வண்டிக்கும், ரேடியம் வேலைக்கும், பைக் டேங்க் ஸ்டிக்கருக்கும் போகலாம். ஆர்சி இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள், கைப்பேசியில் டிஜிலாக்கரில் காட்டினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். காரை நிறுத்த எதிர்ப்புறத்தில்தான் இடம் கிடைக்கும், மாலையில் அதுவும் கிடைக்காது என்பதால் காலை பத்து மணிக்குள் போவது நல்லது. கழற்றிய பழைய தகட்டை வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி உங்கள் எதிரிலேயே நான்காக வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.