ஒரு கிண்ணம் சூப்புக்கு 5,890 ரூபாய்: அவிஞோன் போகிறவர்கள் கவனத்துக்கு

பிரான்சுக்குச் சுற்றுலா போகிறவர்கள், அதிலும் நம்மூர் வங்கி அட்டையை வைத்துக்கொண்டு போகிறவர்கள், இதை ஒருமுறை படித்துவிடுங்கள். என்னிடம் யாரும் பிக்பாக்கெட் அடிக்கவில்லை. நல்ல வெயிலில், மேசை விரிப்பு போட்ட உணவகத்தில், சிரித்த முகத்தோடு பணத்தைக் கறந்தார்கள். பச்சைப் பொத்தானை அமுக்கியதும் நான்தான்.

லியோனில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். போன மூன்றாம் நாளே காய்ச்சல். ஐந்து நாள் போர்வைக்குள் கிடந்தேன். மருந்துக்கடையில் தந்த மஞ்சள் பெட்டி தோலிப்ரானும் (நம்ம பாராசிட்டமால்தான்) அக்காவின் மிளகு ரசமும்தான் வைத்தியம். ஆறாம் நாள், தென் பிரான்சில் இருக்கும் அவிஞோன் என்கிற பழைய ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்திருந்தேன், ரத்து செய்தால் பணம் திரும்பாத மலிவு டிக்கெட். "உடம்பு தேறட்டும்டா, ஊர் எங்கயும் ஓடிடாது" என்றாள் அக்கா. கேட்டிருக்கலாம்.

லியோனிலிருந்து டிஜிவி என்கிற அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்த ரயில் நிற்கும் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஊர் நடுவில் உள்ள நிலையத்துக்குச் சின்ன ரயில் ஐந்தே நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். வாசலில் வந்து "டாக்ஸி?" என்று கேட்பவரோடு போக வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தாள், போகவில்லை. அதுவரை புத்தி வேலை செய்தது.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரிலேயே கோட்டைச் சுவர். நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பழைய ஊரை முழுதாகச் சுற்றி வளைத்து இன்றும் நிற்கிறது. உள்ளே நேரே நடந்தால் போப்பாண்டவர்களின் அரண்மனை. 1309 முதல் 1377 வரை போப்புகள் ரோமை விட்டு இங்கே இருந்தார்கள், வரிசையாக ஏழு பேர். பெரும்பகுதியை இருபது ஆண்டுக்குள் கட்டி முடித்திருக்கிறார்கள் என்பதை அந்தச் சுவர்களின் கீழே நின்று பார்த்தால் நம்ப முடியவில்லை. டிக்கெட்டோடு ஒரு டேப்லட்டும் தருகிறார்கள். இன்று வெறுமையாக இருக்கும் கூடங்களில் அதைத் தூக்கிப் பிடித்தால், அன்றைய திரைச்சீலைகளும் தங்கப் பாத்திரங்களும் திரையில் தெரியும். நான் பாதி நேரம் அதைத் தூக்கவே தெம்பில்லாமல் சுவரோரப் பெஞ்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு கதை மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. 1348-இல் கொள்ளைநோய் வந்தபோது, ஆறாம் கிளெமென்ட் போப்பை அவருடைய மருத்துவர் கீ த ஷோலியாக் இரண்டு பெரிய நெருப்புகளுக்கு நடுவே உட்கார வைத்தாராம். போப்புக்கு நோய் வரவில்லை. மருத்துவருக்கு வந்தது, ஆனாலும் பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டுதான் அந்தப் போப் இந்த ஊரையே 80,000 பொற்காசுக்கு நேப்பிள்ஸ் அரசியிடமிருந்து விலைக்கு வாங்கினார். வெளியே வந்தால் ரோன் ஆற்றுப் பக்கமிருந்து மிஸ்ட்ரால் காற்று. எலும்புக்குள் போகிற குளிர். எனக்கும் இரண்டு நெருப்பு தேவைப்பட்டது.

அந்த நேரத்தில்தான் அந்தப் பலகை கண்ணில் பட்டது. சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது: இன்றைய சூப், 9.50 யூரோ. உணவகத்தின் பெயரைப் போடப் போவதில்லை. இதே கணக்கைப் போடுகிற கடை எந்தச் சுற்றுலா ஊரிலும் இருக்கும்.

உள்ளே தந்த பட்டியலில் அந்த சூப் இல்லை. கேட்டதற்கு, "உங்களுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, பிஸ்து சூப் கொண்டுவருகிறேன்" என்றார் பரிமாறியவர், அக்கறையாக. பீன்ஸ், காய்கறி, அதன்மேல் துளசி வாசம் அடிக்கும் அரைத்த பச்சை விழுது. புளி இல்லாத சாம்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், சூப் அருமை. விலை நான் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டேன், கண்ணாடிப் புட்டி வந்தது. பாதி தீர்ந்திருக்கும்போதே இன்னொன்றைத் திறந்து வைத்துவிட்டார். ரொட்டிக் கூடை தானாக வந்தது. கடைசியில் வெர்வென் என்கிற மூலிகைத் தேநீர், அதுவும் அவர் யோசனைதான்.

பில்: சூப் 24, தண்ணீர் இரண்டு புட்டி 15, ரொட்டி 4, தேநீர் 6.50. மொத்தம் 49.50 யூரோ. காது அடைத்தது. ஆனால் சண்டை போட உடம்பில் ஒன்றும் இல்லை, எழுந்து போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. அட்டை எந்திரத்தை நீட்டினார். முதல் திரையில் டிப்ஸ், பத்து சதவீதம் என்று அவரே விரலால் காட்டினார். அடுத்த திரையில் ஒரு பக்கம் யூரோ, ஒரு பக்கம் இந்திய ரூபாய். "ரூபாய்தானே உங்களுக்குச் சுலபம்" என்றார். ஆமாம்தானே என்று நானும் அமுக்கினேன். 54.45 யூரோ, அன்றைய வங்கி விகிதத்தில் 5,450 ரூபாய் வரும். எந்திரம் எடுத்தது 5,890.

அருகிலிருந்த தோம் பாறைத் தோட்டத்துக்கு மூச்சு வாங்க ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து அக்காவுக்கு போன் போட்டேன். கீழே அந்தப் புகழ்பெற்ற உடைந்த பாலம். 22 வளைவு இருந்ததில் வெள்ளத்துக்குத் தப்பி மிஞ்சியது நாலு.

"ஏன்டா, தண்ணிக்குப் போய் பதினஞ்சு யூரோ குடுத்தியா?" என்றாள். அப்புறம் அவள் சொன்னதை எல்லாம் முன்னாடியே தெரிந்து வைத்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

பிரான்சில் சாப்பிட உட்கார்ந்தவருக்குக் குழாய்த் தண்ணீர் இலவசம். "ஊன் கராஃப் தோ" (ஒரு குடுவைத் தண்ணீர்) என்று கேட்க வேண்டும். வெறுமனே தண்ணீர் என்றால் விலைக்கு விற்கும் புட்டி வரும். குடிநீர் இலவசமாகக் கிடைக்கும் என்பதைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. சாப்பாட்டோடு வரும் ரொட்டிக்கும் தனியாகக் காசு வாங்குவது அங்கே வழக்கமில்லை. பட்டியலில் போட்ட விலையிலேயே பரிமாறும் கூலி அடக்கம், டிப்ஸ் உங்கள் இஷ்டம். வெளியே ஒட்டிய பட்டியல்தான் உள்ளேயும் இருக்க வேண்டும். வாயால் சொல்லும் 'ஸ்பெஷலுக்கு' விலை கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் அந்த ரூபாய் திரை. ரூபாயை அமுக்கினால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது உங்கள் வங்கி அல்ல. எந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்துத்தான் விகிதம் போடும். அதற்கு மேல், ரூபாயில் எடுத்தாலும் வெளிநாட்டில் நடந்த பரிமாற்றம் என்று நம் வங்கிகள் சில தனிக் கட்டணமும் பிடிக்கின்றன. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். எங்கே கேட்டாலும் யூரோவை அமுக்குங்கள்.

"பில் கையில இருக்குல்ல? இறங்கிப் போய்க் கேளு" என்றாள் அக்கா. இறங்கினேன், திரும்பிப் போனேன். பலகையைக் காணோம். அது மதியம் இரண்டு மணி வரைக்கான விலை என்றார்கள். நான் உட்கார்ந்தது ஒன்றரைக்கு. பில்லில் நேரம் அச்சாகியிருந்தது, ஆனால் அது காசு கொடுத்த நேரம், 2.20. ரொட்டியையும் தண்ணீரையும் பற்றிப் பேச்சை எடுத்து, நுகர்வோர் புகாருக்கு அரசு நடத்தும் 'சிக்னால் கோன்சோ' தளத்தின் பெயரை அக்கா சொல்லிக்கொடுத்தபடி சொன்னதும், மேலாளர் உள்ளே போய் வந்தார். ரொட்டிக்காசு நாலும் டிப்ஸ் 4.95-உம் சில்லறையாக மேசையில் வைத்தார். தண்ணீருக்கு முடியாது, புட்டியைத் திறந்தாகிவிட்டதாம்.

ரூபாய் விஷயத்துக்கு ஊர் வந்ததும் வங்கிக்கு எழுதினேன். எந்திரத் துண்டுச்சீட்டின் படத்தை அனுப்பச் சொன்னார்கள். அனுப்புவதற்கு முன்தான் அதை முழுதாகப் படித்தேன். எந்த நாணயத்தில் செலுத்துவது என்று எனக்கு வாய்ப்பு தரப்பட்டதாகவும், ரூபாயை நானே தேர்ந்தெடுத்ததாகவும் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது.