கிருஷ்ணகிரி சாலைகளில் ஸ்பீடுயினோ: மாற்று எஞ்சின் கணினியுடன் சில ஆண்டுகள்

கேம் ஷாஃப்டும் த்ராட்டில் பாடியும் மாற்றப்பட்ட 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு, கம்பெனி இ.சி.யு.வை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) எடுத்துவிட்டு ஸ்பீடுயினோ பொருத்தி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரையும், தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் வரையும் சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். ஆர்டுயினோ மெகா 2560 பலகையில் இயங்கும் இந்தக் கணினியின் சுற்று வரைபடமும் நிரலும் யாருக்கும் கிடைக்கும் என்பதால், பழுது வந்தால் எந்தப் பாகம் போயிற்று என்று பார்த்து இங்கேயே மாற்றிக்கொள்ளலாம். நான் இதைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

பொருத்தும் வேலையில் மிகுந்த கவனம் கேட்பது, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் நிலையை அறியும் கிராங்க் சென்சார். கிராங்க் புல்லியில் 36 பற்களுள் ஒன்று நீக்கப்பட்ட சக்கரத்தைப் பூட்டினோம். பல்லுக்குப் பல் 10 பாகை. விடுபட்ட அந்த ஒரு பல்லை வைத்துத்தான் கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கணினி கணக்கிடுகிறது. ஆகவே அந்தச் சென்சாருக்கு ஷீல்டு வயரே போட வேண்டும். இக்னிஷன் காயில் வயரோடு சேர்த்துக் கட்டவே கூடாது. பிறகு மென்பொருளில் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை, 10 பாகையில் நிறுத்தி, டைமிங் லைட் அடித்து, புல்லியின் குறியும் அதே 10-ஐக் காட்டுகிறதா என்று பார்த்த பின்னரே வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டும். திரையில் ஓர் எண்ணும் எஞ்சினில் வேறோர் எண்ணுமாக இருந்தால் நாக்கிங்கில் (கலவை முறைதவறி வெடிப்பதில்) பிஸ்டனே போய்விடும்.

எத்தனை குதிரைத்திறன் கூடியது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் அதற்கான, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் நிலை, கலவையில் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று புகையிலிருந்து அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஒன்று இருந்தால், ட்யூன் செய்ய எளிதான பகுதி. மார்கழிக் குளிரில் விடியற்காலையில் சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் பிடித்து நிற்பதே கடினம். கூலன்ட் சூட்டுக்கு ஏற்பப் பெட்ரோலைக் கூட்டித் தரும் அட்டவணையைச் சோதிக்க ஒரு நாளைக்கு ஒரே வாய்ப்புதான் கிடைக்கிறது. எஞ்சின் முழுதாக ஆறுவதற்கு இரவு முழுவதும் காத்திருக்க வேண்டும். இந்த ஓர் அட்டவணை சீராக வருவதற்கே ஒரு குளிர்காலம் போய்விடும் என்று எண்ணிக்கொண்டு இறங்குவது நல்லது.

இன்னொரு நுணுக்கம். ஐடிலிங்கில் நன்றாக நின்ற எஞ்சின், ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியதும் திணறியது. பதிவான லாகை விரித்துப் பார்த்தபோது, பேட்டரி வோல்டேஜ் 14-இலிருந்து 12.5-க்கு இறங்கும் அதே இடத்தில் லாம்டா (காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்தால் 1, பெட்ரோல் குறைந்தால் அதற்கு மேல்) 1.1-ஐ நோக்கி ஏறியிருந்தது. வோல்ட் குறைந்தால் இன்ஜெக்டர் திறப்பது தாமதமாகிறது. ஐடிலிங்கில் அது திறந்திருப்பதே ஓரிரு மில்லி விநாடிதான் என்பதால், சிறு தாமதமும் பெட்ரோலைக் கணிசமாகக் குறைத்துவிடும். சில ட்யூனர்கள் முதன்மை எரிபொருள் அட்டவணையில் பெட்ரோலைக் கூட்டி இதை மறைத்துவிடுகிறார்கள். ஃபேன் நின்றவுடன் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் மந்தமாகிறது. வோல்டேஜுக்கான திருத்த அட்டவணை இருப்பதே இதற்காகத்தான். அங்கேதான் கை வைக்க வேண்டும்.

பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, 10 சதவீதக் கலவைக்கு அமைத்த அட்டவணைகளில் சுமார் 4 சதவீதம் பெட்ரோல் கூட்ட வேண்டியிருந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கான காற்று-எரிபொருள் விகிதமாகிய 14.7 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் லாம்டாவில் அளப்பவர்களுக்குக் குழப்பம் வராது.

மலையேற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். காற்றழுத்தம் 4 கிலோபாஸ்கலுக்கு மேல் குறைகிறது. எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் ஒன்றை மட்டும் வைத்து, சாவி போடும்போது ஒருமுறை வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கும் அமைப்பு, சூளகிரி தாண்டியும் கிருஷ்ணகிரியின் அழுத்தத்தையே நினைவில் வைத்திருக்கும். வெளிக்காற்றுக்கென்று தனிச் சென்சார் ஒன்றைச் சேர்த்தபின், ஏறும்போதும் இறங்கும்போதும் லாம்டா ஒரே சீராக நிற்கிறது. இந்தப் பகுதியில் ஓட்டுபவர்கள் அந்தச் சென்சாரை முதலிலேயே வாங்கிவிடலாம்.